மின் இணைப்பு இல்லாத முகாமிடத்தில் கேரவன் பேட்டரி இரண்டாம் இரவே இறங்கிவிடுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: வெண்பனி (ஹாரோ, லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக எங்களிடம் 2008ஆம் ஆண்டுத் தயாரிப்பான, நான்கு பேர் படுக்கக்கூடிய, காரால் இழுத்துச் செல்லும் ஒரு கேரவன் இருக்கிறது. இதுவரை 230 வோல்ட் மின் கம்பம் உள்ள தளங்களிலேயே தங்கி வந்ததால், பேட்டரி என்று ஒன்று உள்ளே இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். சென்ற ஏப்ரலில்தான் முதன்முறையாக டெர்பிஷயரில் ஒரு பண்ணையார் தம் வயலில் நடத்தும், ஐந்து கேரவன்களுக்கு மட்டுமே இடமுள்ள சிறிய தளத்தில் மூன்று இரவுகள் தங்கச் சென்றோம். தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்டும் இடமும் உண்டு, மின்சாரம் கிடையாது.

என் மாமனாருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறை இருப்பதால், இரவில் சீபேப் என்னும் மூச்சுக் கருவியை அணிந்துதான் படுப்பார். முதல் இரவு ஒரு குறையும் இல்லாமல் கழிந்தது. இரண்டாம் இரவு மூன்று மணியளவில், பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கிக் கருவிக்குக் கொடுக்கும் இன்வெர்ட்டர் கீச்சிடும் ஓசை கேட்டு விழித்தேன். கருவி நின்றிருந்தது, மாமனார் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். வெப்பமூட்டியின் விசிறியும் ஓய்ந்து கேரவன் குளிர்ந்துகொண்டிருந்தது. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கலாம் என்று குழாயைத் திறந்தால், பம்பு ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிட்டது. விடிந்ததும் புறப்பட்டுவிட்டோம். முந்தைய நாள் பகலில் காரை கேரவனுடன் இணைத்து ஒரு மணி நேரம் இயந்திரத்தை ஓட்டியும் பார்த்திருந்தோம்; அதனால் பயன் இருந்ததாகத் தெரியவில்லை.

பேட்டரியின் மேல் 110 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. அது கேரவனுடன் வந்தது, வயது தெரியாது. கார் 2018ஆம் ஆண்டின் டீசல் வண்டி. மே மாத இறுதியில் பள்ளி விடுமுறைக்கு நார்தம்பர்லண்ட் கடற்கரையில், பேம்பரோவுக்கு அருகில், இதே போன்ற மின்சாரமில்லாத தளத்தில் ஐந்து இரவுகளுக்கு இடம் பிடித்திருக்கிறோம். ஒரு கடையில் இரண்டாவது பேட்டரியைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு கடையில் சோலார் பேனல் போதும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிறிய ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறார். மாமனாரின் கருவி ஒரு இரவுகூட நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை. எதில் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.


பதில்: பழைய மின்பணியாளர் (லெஸ்டர்)

சகோதரிக்கு வணக்கம். கடையில் சொன்ன இரண்டில் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். உங்கள் கேரவன் ஒரு நாளைக்கு எத்தனை ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு) செலவழிக்கிறது என்பது தெரியாமல் பேட்டரியைப் பெருக்குவதும் பேனலைப் பொருத்துவதும் வீண்செலவாகவே முடியும். பேட்டரி என்பது ஒரு தொட்டி மட்டும்தான். தொட்டியைப் பெரிதாக்கினால் வற்றும் நாள் தள்ளிப்போகுமே தவிர, ஊறுவதைவிட இறைப்பது அதிகமாக இருக்கும் வரை அது வற்றத்தான் செய்யும்.

நீங்கள் எழுதியதை வைத்து டெர்பிஷயரில் நடந்ததைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். சீபேப் கருவியில் காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டியும் சூடான குழாயும் இயங்கியிருந்தால், அதை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டும்போது சராசரியாக 4 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 32 ஆம்பியர்-மணி. 2008ஆம் ஆண்டு கேரவன் என்பதால் விளக்குகள் பெரும்பாலும் 10 வாட் ஹாலஜன்களாகவே இருக்கும். நான்கு விளக்குகள் நான்கு மணி நேரம் எரிந்தால் 13 ஆம்பியர்-மணி. வெப்பமூட்டி எரிவாயுவில் எரிந்தாலும், சூடான காற்றைக் குழாய்களில் தள்ளும் விசிறிக்கு 12 வோல்ட் வேண்டும். ஏப்ரல் குளிரில் இரவெல்லாம் ஓடினால் ஏறத்தாழ 10. தொலைக்காட்சி இரண்டு மணி நேரத்துக்கு 4, கைப்பேசிகள் நான்குக்கு 4, தண்ணீர்ப் பம்புக்கு 1. எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் செலவு 64 ஆம்பியர்-மணி.

ஈய-அமில பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்காமல் இருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது. அதாவது 110 என்று எழுதியிருந்தால் நம் கைக்கு 55தான். அடிக்கடி அதைத் தாண்டி இறக்கினால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிப்போய், பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆகவே புத்தம் புதிய பேட்டரியாக இருந்திருந்தாலும் முதல் இரவின் விடியலிலேயே உங்கள் எல்லை கடந்துவிட்டது. இரண்டாம் இரவு மூன்று மணி வரை அது உயிரோடு இருந்ததே பெரிது.

இந்தக் கணக்கில் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். பலரும் பம்பைப் பார்த்துத்தான் அஞ்சுகிறார்கள், ஏனென்றால் அது ஓடும்போது 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆனால் நாள் முழுவதும் சேர்த்தாலும் அது ஓடுவது கால் மணி நேரம்தான். சத்தம் போடாமல் இரவெல்லாம் ஓடுவதுதான் தொட்டியைக் காலி செய்யும். உங்கள் வீட்டில் அது மூச்சுக் கருவி. பெரும்பாலான சீபேப் கருவிகளுக்கு அவற்றின் தயாரிப்பாளர்களே 12 வோல்ட் ஒயரைத் தனியாக விற்கிறார்கள். அதை நேரடியாகப் பேட்டரிச் சுற்றில் இணைத்து, ஈரத் தொட்டியையும் சூட்டுக் குழாயையும் அணைத்துவிட்டால், அது இழுப்பது 1 முதல் 1.5 ஆம்பியருக்கு வந்துவிடும். 32 இருந்த இடத்தில் ஏறத்தாழ 10. ஈரப்படுத்தாமல் உறங்கினால் சிலருக்குத் தொண்டை வறளும் என்பதால், இதை முதலில் மாமனாரின் உறக்கச் சிகிச்சை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுவிட்டு, வீட்டிலேயே இரண்டு இரவு அப்படி உறங்கச் செய்து பார்த்த பிறகுதான் பயணத்தில் செய்ய வேண்டும்.

இன்வெர்ட்டரைப் பற்றி இன்னொன்று. அதில் எதையும் செருகாமல் வெறுமனே விட்டிருந்தாலும் அரை ஆம்பியர் முதல் ஒரு ஆம்பியர் வரை தின்றுகொண்டிருக்கும். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடியும் கருவியின் அடாப்டர் 24 ஆகவோ 12 ஆகவோ இறக்குவது, மூட்டையை மாடிக்கு ஏற்றி மறுபடி இறக்குவது போன்ற வேலை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது.

ஹாலஜன்களை எல்இடிகளாக மாற்றுங்கள். ஒவ்வொன்றும் 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். 13 இருந்தது 3 ஆகும். குளிர்பெட்டியை எரிவாயுவில் ஓட்டுகிறீர்களா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எரிவாயு, 230 வோல்ட், 12 வோல்ட் என மூன்று வகையிலும் இயங்கும் அந்தக் குளிர்பெட்டியை 12 வோல்ட்டில் விட்டால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வசதி கார் இழுத்துச் செல்லும்போது மட்டும் பயன்படுத்துவதற்கு உரியது.

அடுத்து, அந்தப் பழைய பேட்டரிக்குத் தேர்வு வையுங்கள். வீட்டுச் சுவர் பிளக்கிலிருந்து கேரவனுக்கு மின்சாரம் கொடுத்து முழுமையாக ஏற்றி, பிறகு இணைப்பைக் கழற்றி ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் மல்டிமீட்டரால் அளவெடுங்கள். 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். பிறகு 5 ஆம்பியர் அளவுக்கு விளக்குகளைப் போட்டு, விளக்குகள் எரியும்போதே மின்னழுத்தம் 12.0 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். நல்ல நிலையிலுள்ள 110 ஆம்பியர்-மணி பேட்டரியானால் பத்து மணி நேரத்தை ஒட்டித் தாங்க வேண்டும். எத்தனை மணி என்பதை இங்கே எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.


பதில்: வடக்குக் காற்று (அபர்தீன்)

மின்பணியாளர் ஐயா சொன்னதோடு, காரை ஒரு மணி நேரம் ஓட்டியும் ஏன் பயனில்லை என்பதை மட்டும் நான் விளக்குகிறேன். ஏனென்றால் இதே ஏமாற்றம் எனக்கும் ஸ்கை தீவில் நேர்ந்தது. அன்று நானும் அதைப் பேட்டரியின் குற்றம் என்றே எண்ணினேன்.

காரின் இயந்திரம் சுழற்றி மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் காரின் நீளம் முழுவதும் கடந்து, காரையும் கேரவனையும் இணைக்கும் 13 முனைச் சாக்கெட்டின் 9ஆம் முனை வழியாக, கேரவனின் முன்பகுதியையும் தாண்டிப் பேட்டரிக்குப் போகிறது. பொதுவாக அந்த ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. ஒரு மீட்டருக்கு அதன் தடை ஏறத்தாழ 7 மில்லி ஓம். போக ஏழு மீட்டர், திரும்பி வர ஏழு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.1 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஆல்டர்னேட்டரில் 14.4 வோல்ட் இருந்தாலும் பேட்டரியின் முனையில் 13.4தான் நிற்கும், பேட்டரி சற்று ஏறியவுடன் அதன் மின்னழுத்தமும் அந்த அளவை நெருங்கிவிடுவதால் ஓட்டம் இரண்டு மூன்று ஆம்பியராகச் சுருங்கிவிடுகிறது.

உங்கள் கார் 2018ஆம் ஆண்டினது என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. யூரோ 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட கார்களில் பெரும்பாலும் இயந்திரத்தின் சுமையைக் குறைப்பதற்காக ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்துகிறது. காரின் சொந்த பேட்டரி நிறைந்திருந்தால், நின்ற இடத்தில் ஓடும் இயந்திரம் 12.5 வோல்ட் அளவிலேயே கொடுத்துக்கொண்டிருக்கும்; வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் 15 வோல்ட் வரை ஏற்றும். கேரவன் பேட்டரி தவிப்பது அந்தக் கணினிக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் ஒரு மணி நேரம் எரித்த டீசலுக்கு ஐந்து ஆம்பியர்-மணி கிடைத்திருந்தாலே அதிகம் என்பது என் கணிப்பு. பண்ணையாருக்கும் பக்கத்துக் கேரவன்காரர்களுக்கும் ஒரு மணி நேரம் சத்தமும் புகையும் கொடுத்ததுதான் மிச்சம்.

இதற்குச் சரியான தீர்வு, கேரவனுக்குள் பேட்டரிக்கு அருகில் பொருத்தப்படும் டிசி-டிசி சார்ஜர். கார் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் அது அதை 14.4 வோல்ட்டுக்கு உயர்த்திப் பேட்டரிக்கு முறைப்படி ஊட்டும். ஆனால் இருக்கிற ஒயரையும் ஃபியூஸையும் மனத்தில் வைத்து 10 ஆம்பியர் அளவுக்கு மேல் போகாதீர்கள். 30 ஆம்பியர் சார்ஜரை வாங்கி இந்த மெல்லிய ஒயரில் தொங்கவிட்டால் சாக்கெட் முனைகள் உருகக்கூடும். ஹாரோவிலிருந்து பேம்பரோவுக்கு 320 மைல் அளவு இருக்கும். கேரவனை இழுத்துக்கொண்டு 60 மைல் வேகத்துக்குள் போனால் ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தில் அந்தச் சார்ஜர் பேட்டரியை நிரப்பிவிடும். ஓரிடத்திலேயே ஐந்து நாள் தங்குபவருக்கு அதன் பயன் அத்துடன் முடிந்தது. நாளுக்கு ஓர் இடம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது அன்றாடச் சோறு.


பதில்: தேயிலைமலை (ரெடிங்)

நான் இரண்டு ஆண்டுகளாக 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருக்கிறேன். எடை 12 கிலோவுக்குள். பழைய ஈய பேட்டரி 25 கிலோ. சுமை வரம்பு குறைவாக உள்ள நம் கேரவன்களில் அந்த 13 கிலோ பெரிய விஷயம். கொள்ளளவில் 90 விழுக்காடு வரை எடுக்கலாம், வேகமாகவும் ஏறும். வெண்பனி அவர்கள் நேராக இதற்கே போய்விடலாம் என்பது என் கருத்து.


பதில்: பழைய மின்பணியாளர் (லெஸ்டர்)

தேயிலைமலை தம்பி சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 2008ஆம் ஆண்டு கேரவனில் உள்ள சார்ஜர் பெரும்பாலும் 13.8 வோல்ட்டில் நிலையாக நிற்கும் பழைய வகை. லித்தியத்தை அது முழுமையாகவும் விரைவாகவும் ஏற்றாது. ஆகவே சார்ஜரையும் மாற்ற வேண்டும். பேட்டரியின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது லித்தியத்தை ஏற்றக் கூடாது. நல்ல தயாரிப்புகள் தாமே துண்டித்துக்கொள்ளும், மலிவானவற்றை நம்ப முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஈய பேட்டரியில் மின்னழுத்தத்தை அளந்தே மிச்சத்தை ஓரளவு ஊகிக்கலாம். லித்தியம் கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டுத் திடீரென்று விழும். ஓட்டத்தை எண்ணிச் சேர்க்கும் ஷண்ட் மானி இல்லாமல் அதை வைத்துக்கொள்வது, மூச்சுக் கருவியை நம்பி உறங்கும் ஒருவர் இருக்கும் வண்டியில், சரியில்லை. பின்னாளில் மாறட்டும். மே மாதப் பயணத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், கோளாறு வரும்போது எதில் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.


பதில்: மீனாள் (லீட்ஸ்)

வெண்பனி அக்காவுக்கு வணக்கம். சோலார் பேனலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நாங்கள் ஆறு ஆண்டுகளாக மின்சாரமில்லாத தளங்களில் மட்டுமே தங்குகிறோம். பேனல்தான் எங்கள் முதன்மை வரவு.

100 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து எந்நேரமும் 100 வாட் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆய்வகத்தில், செங்குத்தாக விழும் கடும் வெளிச்சத்தில், 25 பாகை வெப்பத்தில் அளந்த எண் அது. இங்கிலாந்தில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் படுக்கவைத்த 100 வாட் பேனலிலிருந்து நல்ல நாளில் எங்களுக்கு 25 ஆம்பியர்-மணி அளவு கிடைக்கிறது. மேகம் மூடிய நாளில் 8 அல்லது 10. டிசம்பரில் 3 கிடைத்தால் மகிழ்ச்சி. அதனால்தான் குளிர்காலத்தில் பேனலை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உங்கள் பயணம் மே இறுதி என்பது நல்வாய்ப்பு. நார்தம்பர்லண்டில் அப்போது பகல் ஏறத்தாழ 17 மணி நேரம்; ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் விளக்கே அதிகம் வேண்டியிருக்காது.

கூரையில் நிரந்தரமாகப் பொருத்துவதா, மடித்து எடுத்துச்செல்லும் வகையை வாங்குவதா என்றால், முதல் பேனலாக மடக்கு வகையையே நான் பரிந்துரைப்பேன். கேரவனை மர நிழலில் நிறுத்திவிட்டுப் பேனலை மட்டும் வெயிலில் வைக்கலாம். சூரியன் நகர நகரத் திருப்பி வைக்கலாம். ஒருமுறை வென்ஸ்லிடேலில் பேனல் முழு வெயிலில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாதி நாளைக் கழித்துவிட்டோம். மானியில் ஒரு ஆம்பியருக்கு மேல் ஏறவேயில்லை. குனிந்து பார்த்தபோதுதான், கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிற்றில் என் மகள் காயப்போட்டிருந்த ஒற்றைக் காலுறையின் நிழல் பேனலின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு விழுந்திருப்பது தெரிந்தது. எடுத்தவுடன் முள் நான்கரைக்குத் தாவியது. பேனலிலுள்ள சிறு தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் நிழல் விழுந்தாலும் அந்தச் சரம் முழுவதும் அடைபடும். குழாயின் ஓரிடத்தை மிதித்தால் தண்ணீர் முழுவதும் நிற்பதைப் போல.

பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே நின்று ஏற்றுவதைச் சீராக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் இரண்டு வகை உண்டு. 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரக்கூடியது. பிடபிள்யூஎம் வகை அந்த 5.5 ஆம்பியரை அப்படியே பேட்டரியின் 12.8 வோல்ட்டுக்கு இழுத்துவிடுவதால் 70 வாட்தான் உள்ளே போகும். எம்பிபிடி வகை மிகையாக உள்ள வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். சற்று விலை அதிகமானாலும், வெயில் குறைந்த இந்த நாட்டில் அந்த வேறுபாட்டை விட்டுவிட எனக்கு மனம் வராது. எதை வாங்கினாலும் கட்டுப்பாட்டுக் கருவி பேனலின் முதுகில் இல்லாமல் பேட்டரிக்கு அருகில் இருக்கட்டும். வடக்குக் காற்று அண்ணா சொன்ன அதே ஒயர் இழப்பு இங்கும் உண்டு, கருவி தொலைவில் இருந்தால் பேட்டரி நிறைந்துவிட்டதாகத் தவறாக எண்ணிக்கொள்ளும்.

ஜெனரேட்டரை நான் வாங்க மாட்டேன். பல தளங்களில் அனுமதி இல்லை, அனுமதி உள்ள இடத்திலும் அந்த ஓசை அமைதியைத் தேடி வந்தவர்களுக்குச் செய்யும் கொடுமை. மழைக்கு ஒதுக்கமாக இருக்கட்டும் என்று யாராவது அதைக் கூடாரத்தின் ஓரத்தில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.


பதில்: வெண்பனி (ஹாரோ, லண்டன்)

அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன், முடிவுகளை எழுதுகிறேன்.

ஒன்றரை நாள் ஏற்றிய பிறகு, இணைப்பைக் கழற்றி ஓர் இரவு விட்டு அளந்தபோது பேட்டரி 12.5 வோல்ட்டில் நின்றது. பிறகு விளக்குகளைப் போட்டேன். ஆறு விளக்குகளுக்கு மானி 4.9 ஆம்பியர் காட்டியது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். மூன்றரை மணி நேரத்தில், மதிய உணவுக்குக் குழந்தைகளை அழைப்பதற்கு முன்பே, 12.0 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. பத்து மணி நேரம் தாங்க வேண்டியது மூன்றில் ஒரு பங்குதான் தாங்கியது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 0.06 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்ததில், முந்தைய உரிமையாளர் பொருத்திய திருட்டு எச்சரிக்கைக் கருவிதான் அது என்று தெரிந்தது. சிறிய எண்ணாகத்தான் தோன்றியது. கணக்குப் போட்டால் நாளுக்கு 1.4 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 43. நாங்கள் நவம்பர் முதல் மார்ச் வரை கேரவனைக் காப்பிடத்தில் நிறுத்தியிருந்தோம், ஒருமுறைகூட ஏற்றவில்லை. ஆக, சனவரி பாதியிலேயே அது முற்றிலும் வற்றி, அப்படியே இரண்டு மாதங்களுக்கு மேல் கிடந்திருக்கிறது. டெர்பிஷயரில் அந்த இரவு நடந்ததற்கான விதையை ஹாரோவிலேயே போட்டிருக்கிறோம் என்று புரிந்தபோது மனம் கனத்தது.

மாமனாரின் உறக்கச் சிகிச்சைப் பிரிவில் கேட்டேன். சில இரவுகளுக்கு ஈரத் தொட்டி இல்லாமல் உறங்கலாம் என்று சொன்னார்கள். 12 வோல்ட் ஒயர் வந்துவிட்டது. வீட்டில் மூன்று இரவு சோதித்தோம், 1.2 ஆம்பியர்தான் இழுத்தது. விளக்குகளையும் மாற்றிவிட்டேன். இப்போது என் கணக்குப்படி ஒரு நாள் செலவு: மூச்சுக் கருவி 10, வெப்பமூட்டி விசிறி 5, விளக்குகள் 2, கைப்பேசிகள் 4, பம்பு 1, எச்சரிக்கைக் கருவி 1.4, தொலைக்காட்சி 4. மொத்தம் 28க்குச் சற்றுக் குறைவு. புதிய பேட்டரி வாங்கத்தான் வேண்டும். எதை வாங்குவது, எத்தனை வாட் பேனல் போதும் என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா.


பதில்: பழைய மின்பணியாளர் (லெஸ்டர்)

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. ஃபியூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடும் பொறுமை எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கே பல நேரம் இருப்பதில்லை.

பேட்டரியை வாங்கும்போது, பிரிட்டனின் கேரவன் தொழில்துறை அமைப்பான நேஷனல் கேரவன் கவுன்சிலின் சரிபார்க்கப்பட்ட பேட்டரிப் பட்டியலைப் பாருங்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று வகை பிரித்திருக்கிறார்கள். மின் கம்பம் இல்லாமல் அடிக்கடி தங்குபவர்களுக்கு உரியது ஏ வகை; உங்களுக்கு வேண்டியது அது. மின் கம்பம் உள்ள தளங்களில் தங்கிக்கொண்டு கேரவனை நகர்த்தும் மோட்டாரை ஓட்டுபவர்களுக்கு பி. சி என்பது அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் தாங்கினால் போதும் என்பவர்களுக்கு. கார் பேட்டரியை மட்டும் விலை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். ஒரு நொடியில் பெரும் ஓட்டத்தைக் கொடுப்பதற்கென்று அதன் தகடுகள் மெல்லியதாக இருக்கும், மெல்ல மெல்ல ஆழமாக இறக்குவதை அவை தாங்கா.

இப்போது உங்கள் ஐந்து நாள் கணக்கு. செலவு 28 வீதம் 140. பேட்டரியில் எடுக்கக்கூடியது 55. மீதி 85 வெளியிலிருந்து வர வேண்டும், நாளுக்கு 17. மீனாள் சொன்ன அளவுகளை வைத்துப் பார்த்தால் 100 வாட் பேனல் ஐந்து நாளும் வெயில் அடித்தால் போதும், இரண்டு நாள் மூடியிருந்தாலும் ஒட்டி ஒட்டி வந்துவிடும். வட கடலோரம் என்பதால் காலையில் கடல் மூடுபனி ஏறி நண்பகல் வரை கலையாமல் நிற்கும் நாள்களும் உண்டு. ஆகவே 150 வாட் மடக்குப் பேனலும் எம்பிபிடி கருவியும் வாங்குங்கள். மூன்று நாள் மூடியிருந்தாலும் மாமனாரின் பத்து ஆம்பியர்-மணிக்குக் குறைவு வராது; தொலைக்காட்சியை நிறுத்தினால் அந்த நான்கும் அவருக்கே. டிசி-டிசி சார்ஜரை இப்போது விட்டுவிடுங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சுவர் பிளக்கில் ஏற்றிவிட்டால் நிறைந்த தொட்டியோடுதான் கிளம்புவீர்கள்.

தங்கும் நாள்களில் தினமும் காலை, சூரியன் பேனலில் படுவதற்கு முன், எதுவும் ஓடாத நேரத்தில் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 12.4க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 12.3க்கு வந்தால் அன்று தொலைக்காட்சி வேண்டாம். 12.2 ஆனால் விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைகளை எடுங்கள். அதன்பின் மூச்சுக் கருவியைத் தவிர வேறு எதற்கும் அந்தப் பேட்டரியிலிருந்து கொடுக்க வேண்டாம்.

பேட்டரிப் பெட்டியின் காற்றுத் துளையை அடைத்துவிடாதீர்கள். ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், அது வெளியே போக வழி வேண்டும். பேனலிலிருந்து வரும் ஒயருக்குப் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். முதலில் கட்டுப்பாட்டுக் கருவியைப் பேட்டரியுடன் இணைத்துவிட்டு, அதன் பிறகே பேனலைச் செருக வேண்டும்; கழற்றும்போது பேனல் முதலில்.

ஊர் திரும்பியதும் எச்சரிக்கைக் கருவிக்கு மாதம் 43 என்பதை மறக்க வேண்டாம். காப்பிடத்தில் வெயில் படும் இடம் கிடைத்தால் 20 வாட் பேனல் ஒன்றைச் சாளரத்துக்கு வெளியே நிலையாகக் கட்டிவிடலாம். ஆனால் நடுக்குளிர்காலத்தில் அது போதாது. கிடைக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். ஆனால் அப்படிக் கழற்றினால் எச்சரிக்கைக் கருவி தன் உள் பேட்டரி தீரும் வரைதான் வேலை செய்யும். காப்பீட்டு ஒப்பந்தத்தில் அது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.